ஜோ சாட்ரியானியின் ஆல்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் ஒரு ரசிகனின் பதில்களும்

ஜோ சாட்ரியானி யார்?

அமெரிக்க ராக் கிடார் கலைஞர். 1956-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்தவர். 1970 செப்டம்பரில் கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்த செய்தி வந்தபோது இவர் பள்ளி ஃபுட்பால் அணியின் பயிற்சியில் இருந்தார். வயது 14. அன்றே பயிற்சியாளரிடம் போய், அணியிலிருந்து விலகுகிறேன், இனி கிடார்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கொஞ்ச காலத்திலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினார். அப்படிப் படிக்க வந்த சின்னப் பையன்களில் ஒருவர், பின்னாளில் பெரிய கிடார் கலைஞரான ஸ்டீவ் வை. 1970-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடிபெயர்ந்த பிறகும் வகுப்பை விடவில்லை. ராக் குழுக்களில் பெயர் வாங்கிய மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட், டெஸ்டமெண்டின் அலெக்ஸ் ஸ்கோல்னிக், பிரைமஸின் லாரி லலோண்ட் எல்லோரும் அங்கே இவரிடம் படித்தவர்கள். மாணவர்கள் பெரிய மேடை ஏறிய பிறகும் வாத்தியார் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெயர் வந்தபோது வயது 31.

பாட்டே கிடையாதாமே. வெறும் கிடாரை முக்கால் மணி நேரம் எப்படிக் கேட்பது?

வீணைக் கச்சேரியும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே வரக்கூடாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயலினில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது அதன் சாகித்யம் நம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அந்தப் பிடிமானம் இல்லை. மெட்டு மட்டுமே நம்மைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சாட்ரியானிக்கு அது தெரியும். அவருடைய நல்ல பாடல்களில் பல்லவி, சரணம் மாதிரி தெளிவான பகுதிகள் இருக்கும். பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் கிடார் நிற்கும், அவ்வளவுதான். இரண்டு தடவை கேட்டால் முணுமுணுக்க வந்துவிடும். முணுமுணுக்க வராத பாடல்களும் நிறைய இருக்கின்றன. அவை எந்தெந்த ஆல்பங்களில் குவிந்திருக்கின்றன என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, முதலில் எந்த ஆல்பத்தைக் கேட்பது?

எல்லோரும் 1987-ல் வந்த 'சர்ஃபிங் வித் த ஏலியன்' என்பார்கள். நான் 1992-ன் 'தி எக்ஸ்ட்ரீமிஸ்ட்' என்பேன். முதலில் சொன்னது வரலாறு, அடுத்தது சந்தோஷம். சந்தோஷத்தில் தொடங்கினால் வரலாற்றுக்குத் தானாகவே வருவீர்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாட்ரியானியின் ஆல்பங்களுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்துக்கு அவருடைய கை காரணம் இல்லை. அந்தக் கை நாற்பது வருடமாக ஒரே தரத்தில்தான் இருக்கிறது. பின்னால் டிரம்ஸும் பேஸும் வாசிப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஆல்பம் எழுகிறது, அல்லது படுக்கிறது.

'சர்ஃபிங் வித் த ஏலியன்' அப்படியென்ன பெரிய விஷயம்?

1987-ல் பாடகர் இல்லாத ராக் ஆல்பம் விற்காது என்பது ரெக்கார்டு கம்பெனிகளில் வேதவாக்கு. அந்த நேரத்தில் வந்த இந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 29-வது இடம் வரை போனது. பின்னாளில் அமெரிக்காவில் பிளாட்டினமும் ஆனது, அதாவது 10 லட்சம் பிரதிகள். பாடாமலேயே கடையில் விற்க முடியும் என்று அன்றைய கிடார் இளைஞர்களுக்குக் காட்டியது இதுதான். பின்னால் வந்த வாத்திய ராக் ஆல்பங்களில் பாதிக்கு மேல் இதற்குக் கடன்பட்டவை.

மெட்டுகளின் தரத்தை மட்டும் பார்த்தால் இதற்கு இணையாக அவர் வேறு எதுவும் செய்யவில்லை. 'ஆல்வேஸ் வித் மீ, ஆல்வேஸ் வித் யூ' என்ற மெதுவான பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பி மேஜரில், அதாவது பி என்ற ஸ்வரத்தை ஆதாரமாக வைத்த வெளிச்சமான ஸ்வரக்கட்டில், அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் அதே பி-யை வைத்துக்கொண்டு சோகச் சாயலுள்ள மைனருக்கு மாறும்போது அறையில் விளக்கு மங்கியது போல இருக்கும். 'சாட்ச் பூகி' நேர் எதிர். ஆட்டம் போட வைக்கிற பழைய பூகி தாளம், அதன் நடுவே விரல் அழுத்தாத ஏ கம்பியை ஆதாரமாக வைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் தட்டி வாசிக்கும் ஒரு விநோதமான பகுதி. 'மிட்நைட்' முழுக்கவே அந்தத் தட்டல் முறைதான், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நன்றாக இருக்கும்போதே நிறுத்தத் தெரிந்தவர் அப்போது.

குறை என்னவென்றால் டிரம்ஸ். ஜெஃப் காம்பிடெல்லி சில இடங்களில் வாசித்திருக்கிறார், ஆனால் பெரும்பகுதி டிரம் மெஷின். பேஸும் கீபோர்டும் பெரும்பாலும் சாட்ரியானியே. பணம் கம்மி, ஆட்களும் கம்மி. சான் பிரான்சிஸ்கோவின் ஹைட் ஸ்ட்ரீட் ஸ்டூடியோவில் ஜான் குனிபெர்ட்டியோடு உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்த வேலை. கிடாரின் ஒலி இன்றும் புதிதாக இருக்கிறது. பின்னணி மட்டும் 1987-ஐ விட்டு நகராமல் நிற்கிறது. 'சாட்ச் பூகி' மற்றவற்றைவிட உயிரோடு ஒலிப்பதற்குக் காரணம் அதில் மனிதர் டிரம்ஸ் வாசிப்பதுதான்.

அதற்கு முந்தையவை கேட்க வேண்டுமா?

1984-ல் தானே வெளியிட்ட ஒரு இ.பி., அதாவது சில பாடல்கள் மட்டும் கொண்ட குறு ஆல்பம், இருக்கிறது. அதில் கேட்கும் எல்லாச் சத்தமும் கிடாரிலிருந்து எடுத்தது. டிரம்ஸ் போல ஒலிப்பதுகூட கிடாரைத் தட்டியும் தேய்த்தும் வந்ததுதான். யோசனையாகப் பிரமாதம். ஒரு தடவை கேட்டால் போதும்.

1986-ன் 'நாட் ஆஃப் திஸ் எர்த்' வேறு விஷயம். கிரெடிட் கார்டில் கடன் வாங்கி எடுத்த ஆல்பம். அந்தக் கடனை அடைக்க கிரெக் கின் என்பவரின் குழுவில் போய் வாசித்தார். ஸ்டீவ் வை சொல்லித்தான் ரிலேட்டிவிட்டி கம்பெனி இதை வெளியிட்டது. குருதட்சிணை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு ஒல்லியாக இருக்கும், ஆனால் தலைப்புப் பாடலுக்காகவாவது கேட்க வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

'பிட்ச் ஆக்சிஸ்' என்று கிடார் பசங்க சொல்கிறார்களே, அது என்ன?

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தால் இரண்டே நிமிடத்தில் புரிந்துவிடும். தெரியாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

கிரகபேதம் தெரியும் அல்லவா? ஸ்வரங்கள் அதே இடத்தில் இருக்கும், ஷட்ஜமத்தை மட்டும் இடம் மாற்றினால் வேறு ராகம் பிறக்கும். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமமாக்கினால் கரகரப்பிரியா வரும். பிட்ச் ஆக்சிஸ் இதைத் தலைகீழாகச் செய்வது. ஷட்ஜமம் அசையாது. மேலே உள்ள ஸ்வரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே ஷட்ஜமத்தை வைத்துக்கொண்டு நாலு வரி கல்யாணி, சட்டென்று நடபைரவி, அப்புறம் ஹரிகாம்போதி என்று தாவினால் எப்படி இருக்கும்? ராகமாலிகைதான், ஆனால் ஒவ்வொரு ராகத்துக்கும் சில விநாடிகளே கொடுக்கும் ராகமாலிகை.

'நாட் ஆஃப் திஸ் எர்த்' தலைப்புப் பாடலில் பேஸ் ஈ என்ற ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். மேலே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உலகங்களுக்குப் போய்வரும். கேட்பவருக்குத் தரை ஆடாமல் சுவரின் நிறம் மட்டும் மாறும் உணர்வு. இந்த யோசனையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளி இசை ஆசிரியர் பில் வெஸ்ட்காட் என்று சாட்ரியானி பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பிரியமான ஸ்வரக்கட்டு லிடியன். ஸ்வரங்கள் கல்யாணியினுடையவைதான், பிரதி மத்யமம் உட்பட. கமகம் இல்லாததால் அதைக் கல்யாணி என்று சொல்ல எந்த வித்வானும் சம்மதிக்க மாட்டார், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரதி மத்யமத்தில் அவர் போய் நிற்கும்போது நம் காதுக்கு ஏதோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

'ஃப்ளையிங் இன் எ ப்ளூ ட்ரீம்' ஆல்பத்தில் பாடியிருக்கிறாராமே?

ஆமாம், ஆறு பாடல்களில். பாடாமல் இருந்திருக்கலாம்.

1989-ல் வந்த இந்த ஆல்பத்தில் மொத்தம் 18 பாடல்கள். கல்யாணப் பந்தியில் இலை கொள்ளாமல் பரிமாறுவது போல, எது எங்கே இருக்கிறது என்று தேடித்தான் சாப்பிட வேண்டும். குரல் மோசம் என்று சொல்ல முடியாது. ஸ்ருதி விலகவில்லை, அடக்கமாகத்தான் பாடுகிறார். ஆனால் கிடாரில் ஒரே ஸ்வரத்தை அழவும் சிரிக்கவும் வைக்கிற மனிதர் வாயைத் திறந்ததும் சாதாரண ஆளாகிவிடுகிறார். 'ஐ பிலீவ்' மட்டும் விதிவிலக்கு. அதில் குரலின் எளிமையே பாடலுக்குப் பொருந்துகிறது.

தலைப்புப் பாடல் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு ஃபீட்பேக் ஸ்வரம் (ஒலிபெருக்கியின் சத்தத்தில் கம்பி தானாகவே அதிர்ந்து வருவது) மெதுவாக மலர்ந்து எழ, கீழே அகூஸ்டிக் கிடார் முந்தைய பதிலில் சொன்ன லிடியனில் தொடங்கும். சி, ஏ ஃப்ளாட், ஜி, எஃப் என்று ஆதாரம் நகர நகர, ஒவ்வொன்றின் மேலும் அதே லிடியன். அவருடைய எல்லாப் பாடல்களிலும் எனக்கு ஒன்றுதான் அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். 'தி மிஸ்டிக்கல் பொட்டேட்டோ ஹெட் க்ரூவ் திங்' என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்றும் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம், விரல் வேலை அசத்தல்.

இதைப் பத்துப் பாடலாகச் சுருக்கியிருந்தால் 'சர்ஃபிங்' இரண்டாம் இடத்துக்குப் போயிருக்கும்.

'தி எக்ஸ்ட்ரீமிஸ்ட்' ஏன் உங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்?

காரணம் மூன்று பேர். முதலாவது தயாரிப்பாளர் ஆண்டி ஜான்ஸ். லெட் செப்பலின், ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பங்களுக்கு ஒலிப்பதிவு செய்த கை. டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. மற்ற இருவர் பிஸ்ஸொனெட் சகோதரர்கள்: கிரெக் டிரம்ஸ், மேட் பேஸ். முதல் முறையாக சாட்ரியானியின் பின்னால் ஒரு நிஜக் குழு மூச்சுவிடுகிறது.

'சம்மர் சாங்' கேளுங்கள். சோனி தன் டிஸ்க்மேன் (கையடக்க சி.டி. பிளேயர்) விளம்பரத்துக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. அதனால் கிடார் பக்கமே போகாதவர்களின் காதிலும் இது ஏறியிருக்கும். மெட்டை எழுதிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் டிரம்ஸ் முன்னால் தள்ள, கிடார் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்து இழுக்க, கார் ஜன்னலைத் திறந்துவைத்துப் போகிற உணர்வு வந்துவிடும். ஸ்வரங்களுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறார். டிரம் மெஷினை நம்பி அவ்வளவு இடம் விட முடியாது. பின்னால் ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் விட முடியும்.

'க்ரையிங்' என்ற மெதுவான பாடலில் ஸ்வரங்கள் நிஜமாகவே விம்முகின்றன. கம்பியை வளைத்து ஸ்வரத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். கிடாரில் ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம், கேட்ட திருப்தி. 'ஃப்ரெண்ட்ஸ்' நல்ல காலை நேரப் பாடல். மனைவி ரூபினாவின் பெயர் தாங்கிய 'ரூபினாஸ் ப்ளூ ஸ்கை ஹேப்பினெஸ்' கிராமியச் சாயலோடு தொடங்கி ராக்குக்குள் நுழையும். தலைப்புப் பாடலில் ஹார்மோனிகாவும் ஊதியிருக்கிறார். அமெரிக்கப் பட்டியலில் 22-வது இடம், அவருடைய சொந்த ஆல்பங்களில் அதுவே உச்சம். அந்த விஷயத்திலாவது ஊரும் நானும் ஒத்துப்போகிறோம்.

1995-ல் அவர் பெயரிலேயே வந்த ஆல்பம் வேறு யாரோ வாசித்த மாதிரி இருக்கிறதே?

ஆண்டியின் அண்ணன் கிளின் ஜான்ஸ் தயாரித்தது. அவருடைய பழக்கம், எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து நேரடியாக வாசிக்கவைத்துப் பதிவு செய்வது. இழைத்து இழைத்துச் செதுக்குகிற ஆளுக்கு இது கஷ்டமான சோதனை. கூட வாசித்தவர்கள் டிரம்ஸில் மானு காட்ஷே, பேஸில் நேதன் ஈஸ்ட், துணைக் கிடாரில் ஆண்டி ஃபேர்வெதர் லோ. மூன்று பேரும் அவசரப்படாதவர்கள்.

வந்தபோது ரசிகர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு வருடத்துக்கு வருடம் இதன் மேல் மரியாதை கூடுகிறது. ப்ளூஸ் வாடை அதிகம், வேகம் குறைவு, சில இடங்களில் விரல் சற்றுத் தடுமாறினால் அதையும் விட்டுவைத்திருக்கிறார்கள். காட்ஷேயின் தாளத்தை மட்டும் ஒருமுறை தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். குறையென்று சொன்னால் மெட்டுகள். நினைவில் நிற்கும்படி மூன்றோ நாலோதான். இது குழுவுக்காகக் கேட்கிற ஆல்பம்.

டீப் பர்ப்பிளில் இருந்தாரா?

கொஞ்ச காலம். 1993 கடைசியில் அந்த பிரிட்டிஷ் ராக் குழுவின் கிடார் கலைஞர் ரிட்ச்சி பிளாக்மோர் நடுவழியில் விலக, ஜப்பான் நிகழ்ச்சிகளுக்கு இவர் போனார். 1994-ல் ஐரோப்பாவிலும் வாசித்தார். நிரந்தரமாக இருக்கச் சொன்னபோது தன் ஒப்பந்தங்களைக் காட்டி மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது.

'கிரிஸ்டல் பிளானட்' பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

1998-ல் கிடார் சோலோவே வேண்டாம் என்று ராக் உலகம் ஒதுங்கியிருந்த நேரம். அப்போது 15 பாடல்களோடு ஒரு வாத்திய ஆல்பம் வந்தால் யார் கவனிப்பார்கள்? ஆனால் மேடையில் வருடக்கணக்காகச் சேர்ந்து வாசித்த ஸ்டூவர்ட் ஹாமும் ஜெஃப் காம்பிடெல்லியும் முழுசாக ஒரு ஆல்பம் கூட இருப்பது இதில் தெரிகிறது. ஹாமின் பேஸ் பின்னால் ஒளியாது, கிடாரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரும்.

'அப் இன் த ஸ்கை', 'செரிமனி', தலைப்புப் பாடல் மூன்றும் சத்தம் கூட்டிக் கேட்க. 'லவ் திங்' தூக்கத்துக்கு முன். கடைசிப் பாடல் 'ஸீ.ஸீ.ஸ் சாங்' மகனுக்காக, சின்னதாக, எந்த வித்தையும் காட்டாமல். இதுவும் நீளம் அதிகம்தான். நடுவில் நாலு பாடலைத் தாண்டிவிடுங்கள், பாவமில்லை.

'எஞ்ஜின்ஸ் ஆஃப் கிரியேஷன்' கம்ப்யூட்டர் ஆல்பம், அது தேறாது என்கிறார்களே?

2000-ல் எரிக் கோடியோவோடு சேர்ந்து செய்த எலக்ட்ரானிக் முயற்சி. பழைய ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டிரம் மெஷினை நிஜ டிரம்ஸ் மாதிரி நடிக்க வைத்தது 1987. இங்கே மெஷின் மெஷினாகவே ஒலிக்கிறது, அதனால் உறுத்தவில்லை. கிடாரும் அந்த உலோகச் சத்தத்துக்குள் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு புழங்குகிறது. 'அன்டில் வீ சே குட்பை' மட்டும் பழைய பாணி, கிராமி விருதுக்கான பரிந்துரையும் அதற்குத்தான் கிடைத்தது.

கிராமி வாங்கியிருக்கிறாரா?

15 தடவை பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவரைவிட அவருடைய ரசிகர்களுக்குத்தான் இதில் கோபம் அதிகம்.

கோல்ட்ப்ளே மேல் வழக்குப் போட்ட கதை என்ன?

2004-ல் வந்த 'இஸ் தேர் லவ் இன் ஸ்பேஸ்?' ஆல்பத்தில் 'இஃப் ஐ குட் ஃப்ளை' என்றொரு பாடல். 2008-ல் கோல்ட்ப்ளே குழுவின் 'விவா லா விடா' உலகமெங்கும் ஒலித்தபோது, அதில் தன் பாடலின் பகுதிகள் இருப்பதாக அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கோல்ட்ப்ளே மறுத்தது. தற்செயல் ஒற்றுமையாக இருந்தால் தங்களுக்கும் அது ஆச்சரியமே என்றார்கள். 2009 செப்டம்பரில் தீர்ப்பு எதுவும் இல்லாமலேயே வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டு வரிசைக்கு மேல் மெட்டுப் போடும் யாரும் ஏறத்தாழ அங்கேதான் போய் இறங்குவார்கள் என்பது என் அபிப்பிராயம். எப்படியோ, வழக்கின் புண்ணியத்தில் ஒரு சுமாரான ஆல்பத்தின் நல்ல பாடல் நிறையப் பேர் காதுக்குப் போனது.

2002 முதல் 2013 வரை வந்தவற்றில் எது தேறும்?

பட்டென்று சொல்லிவிடுகிறேன். 'ஸ்ட்ரேஞ்ச் பியூட்டிஃபுல் மியூசிக்' (2002) நல்லது. 'ஸ்டாரி நைட்' இருக்கிறது, 'ஸ்லீப் வாக்' என்ற பழைய மெட்டில் கிங் கிரிம்ஸன் குழுவின் கிடார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் உடன் இருக்கிறார். 'சூப்பர் கொலோசல்' (2006) கிடார் ஒலிக்காகக் கேட்கலாம். அதில் உள்ள 'க்ரவுட் சாண்ட்' ஐஸ் ஹாக்கி மைதானங்களில் கோல் விழுந்தால் போடுகிற பாட்டாகிவிட்டது. அதன் முடிவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் 'பவான்' என்ற பழைய மெட்டு வந்து போவது அங்கே கத்துகிற எத்தனை பேருக்குத் தெரியுமோ.

2008, 2010 ஆல்பங்களைக் கேட்டால் ஒரு அலுப்பு தட்டுகிறது. விரலில் பழுதில்லை. மெட்டுகள் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்துகொண்டிருந்தன. 2008 ஆல்பத்தில் துருக்கியக் கவி-பாடகர் ஆஷிக் வெய்செலின் பெயரில் அமைந்த பாடலை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-ன் 'அன்ஸ்டாப்பபிள் மொமெண்டம்' வந்தபோது வின்னி கொலையூட்டா டிரம்ஸில் உட்கார, திடீரென்று பழைய ரத்தம் ஓடியது. நான் சொன்னேன் இல்லையா, பின்னால் யார் என்பதுதான் கேள்வி.

சிக்கன்ஃபுட்?

பாடகர் சாமி ஹேகர், பேஸ் வாசிக்கும் மைக்கேல் அந்தோணி, டிரம்ஸ் வாசிக்கும் சாட் ஸ்மித் ஆகியோரோடு சாட்ரியானி 2008-ல் தொடங்கிய குழு. நண்பர்கள் கூடிக் கொண்டாடுகிற ராக். சாட்ரியானி பின்வாங்கி ரிதம் வாசிப்பதைக் கேட்க வேண்டுமானால் இங்கே கேட்கலாம், அதில் அவர் கெட்டிக்காரர். மற்றபடி பார்ட்டிக்கு ஆகும்.

ஸ்டீவ் வையா, சாட்ரியானியா?

ஓயாத சண்டை. வை ஒரு கையில் கம்பியில்லாத கிடாரும் இன்னொரு கையில் புதுக் கம்பிப் பொட்டலமுமாக முதல் நாள் வகுப்புக்கு வந்து நின்ற கதையை இருவருமே சொல்வார்கள். மாணவர் வித்தையில் ஆசிரியரைத் தாண்டிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வை ஒரு ஸ்வரத்தை எடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்க முடியாது. சாட்ரியானி எங்கே போவார் என்று ஊகிக்கலாம், போய்ச் சேர்ந்ததும் நிம்மதியாக இருக்கும். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எனக்கு வை வேண்டாம்.

வையையும் எரிக் ஜான்சன் என்ற இன்னொரு கிடார் கலைஞரையும் சேர்த்துக்கொண்டு 1996-ல் 'ஜி3' என்ற மேடைத் தொடரை சாட்ரியானி ஆரம்பித்தார். அதன் நேரடிப் பதிவு 1997-ல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. மூவரில் எரிக் ஜான்சனின் ஒலிதான் அழகு என்று சொல்லி இந்தச் சண்டையிலிருந்து நழுவிக்கொள்கிறேன்.

எல்லாம் வேகம்தானே? உணர்ச்சி எங்கே?

வேகமாக வாசிப்பவர்தான். அவருடைய வேகம் பெரும்பாலும் லெகாட்டோ, அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிக்கால் (மீட்டும் வில்லையால்) மீட்டாமல் இடது கை விரல்களாலேயே தட்டியும் இழுத்தும் எழுப்புவது. அதனால் ஸ்வரங்கள் உதிராமல் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்வீடனின் யிங்வி மால்ம்ஸ்டீன் வாசிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே கேட்கும்.

வேகம் மெட்டுக்கு நடுவில் வந்து மெட்டுக்கே திரும்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'தி எக்ஸ்ட்ரீமிஸ்ட்' வரை அப்படித்தான். அப்புறம் சில ஆல்பங்களில் சோலோ வந்துவிட்டது என்பதற்காகவே வேகம் வருகிறது. அந்தப் பாடல்களை உணர்ச்சியில்லாதவை என்று நீங்கள் சொன்னால் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

நேரடி ஆல்பங்களில் எது?

'லைவ் இன் சான் பிரான்சிஸ்கோ'. 2000 டிசம்பரில் ஃபில்மோர் அரங்கில் பதிவாகி 2001-ல் வந்தது. ஹாமும் காம்பிடெல்லியும் கோடியோவும் இருக்கிறார்கள். 'சர்ஃபிங்' பாடல்கள் நிஜ டிரம்ஸோடு எப்படி ஒலித்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. சில பாடல்களுக்கு ஸ்டூடியோப் பதிவை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறேன்.

கிடார் பழகுகிறேன். எதை வாசித்துப் பார்க்கலாம்?

'சம்மர் சாங்' மெட்டில் தொடங்குங்கள். சோலோவைத் தொடாதீர்கள். 'ஆல்வேஸ் வித் மீ' மெதுவான பாடல் என்று நம்பி இறங்குபவர்கள் அந்த ஆர்பெஜியோவில் (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் பகுதியில்) இடது கை விரல்கள் விரிய வேண்டிய தூரத்தைப் பார்த்துப் பின்வாங்குவார்கள். மெட்டை மட்டும் வாசியுங்கள். சாமான்களுக்காகக் கடன் வாங்க வேண்டாம். அவர் மேடையில் பல வருடம் பயன்படுத்திய டிஸ்டார்ஷன் பெடல் (கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி சாதனம்) பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1, கடைகளில் கிடைக்கும் மலிவான பெடல்களில் ஒன்று. ஐபனெஸ் கம்பெனி அவர் பெயரில் போடும் ஜேஎஸ் வரிசைக் கிடார்கள் நல்லவை, ஆனால் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சமீபத்தியவை எப்படி?

2018-ன் 'வாட் ஹேப்பன்ஸ் நெக்ஸ்ட்' முரட்டு ராக். சாட் ஸ்மித்தும் க்ளென் ஹ்யூஸும் பின்னால் இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? 2020-ன் 'ஷேப்ஷிஃப்டிங்' மனதில் ஒட்டவில்லை.

2022-ன் 'தி எலிஃபண்ட்ஸ் ஆஃப் மார்ஸ்' என் கொள்கைக்கே சவால் விடுகிறது. கொரோனா காலத்தில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் இருந்தபடி வாசித்து அனுப்பியது. கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர்கூட வைக்கவில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள் ஒலி. ஒரே அறையில் ஒரு குழு இல்லை. அப்படியும் இருபது வருடத்தில் அவர் செய்த சிறந்த ஆல்பம் இதுதான். உடன் வாசித்த கென்னி ஆரனாஃப், பிரையன் பெல்லர், ராய் திஸில்த்வெய்ட் ஆகியோருக்கு அவசரமே இல்லாததால், யோசித்து வாசித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 'சஹாரா', 'ஃபேஸ்லெஸ்' இரண்டிலும் பழைய மெட்டுக்காரர் திரும்பி வந்திருக்கிறார். வயது 65-ல்.

'சர்ஃபிங்' அட்டையில் சில்வர் சர்ஃபர் படம் இருந்ததே, இப்போது ஏன் இல்லை?

அந்தப் படம் மார்வல் காமிக்ஸுக்குச் சொந்தம், வரைந்தவர் ஜான் பைர்ன். அனுமதிக் காலம் முடிந்துவிட்டதால் புதிய பதிப்புகள் வேறு அட்டையோடு வருகின்றன. பாட்டு அதேதான். பழைய அட்டை வேண்டும் என்றால் பழைய சி.டி., கேசட், எல்.பி. விற்பவர்களிடம் தேட வேண்டும். விலை கூடுதலாகச் சொன்னால், அட்டைக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசித்துப் பேரம் பேசுங்கள்.